வேன் கிளம்பும் வரை

"கண்ணாடியைக் கழட்டுடி" என்றாள் லோசா. "அங்க போய் என்ன படிக்கப் போறாங்க?"

சியேனி சவப்பெட்டிக்குள் குனிந்து அத்தையின் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "கண்ணாடி இல்லாட்டி அத்தை மாதிரியே இல்லம்மா."

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து பாக்கறேன். கண்ணாடி போட்டுக்கிட்டும் உங்க அத்தை கிட்டத்துல இருக்கறதைப் பாத்ததே இல்ல. கழட்டு."

சியேனி கழற்றினாள். மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. நாற்பது வருட அச்சு. தைலம் தேய்த்தாலும் போகவில்லை. கண்ணாடியை மடக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டு முன்னால் மண்வெட்டிச் சத்தம். சியேனியின் அப்பா இயோபு தன் அக்காவுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மத்தியானமே தோண்டி முடித்தாகிவிட்டது. சாலேமோவா ஊரில் கால் மீட்டர் தோண்டினால் எரிமலைப் பாறை, அதற்குக் கீழே கடப்பாரைக்கும் பெப்பே காட்டும் பாறை. அத்தனையும் உடைத்து முடித்துவிட்டு, இன்று காலை எழுந்ததும் மறுபடி இறங்கிவிட்டார். மூலை கோணலாக இருக்கிறதாம். அறுபத்திரண்டு வயது. உதவிக்கு வந்த பங்காளிகளிடம் மண்வெட்டியைக் கொடுக்க மறுத்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. தம்பியாகப் பிறந்தவன் அக்காளுக்குச் செய்யவேண்டியதை இன்னொருவன் கையில் கொடுப்பது இந்தத் தீவில் வழக்கமில்லை. அக்காள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைந்து அரட்டை அடிப்பதும் வழக்கமில்லை. சூப்பு வைக்கலாம், மீன் சுடலாம், குழி வெட்டலாம். பேச்சு மட்டும் வாசல்படியோடு சரி.

இந்த மரியாதையினால்தான் விஷயம் நாற்பது வருடம் சொல்லப்படாமலே இருந்தது. இன்று அது வேன் ஏறி வந்துகொண்டிருக்கிறது என்று சியேனிக்கு மட்டும் தெரியும்.

லித்தியா அத்தை கவிஞர். ஆங்கிலத்தில் எழுதுகிற கவிஞர். ஊர்க்காரர்களுக்கு அவள் நியூசிலாந்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், கிறிஸ்துமஸுக்குப் பெட்டி நிறைய சாமான் கொண்டு வருகிறவள், அவ்வளவுதான். அவள் எழுதியதை ஊரில் ஒருவரும் படித்ததில்லை. ஒரு முறை போதகரின் மனைவிக்கு ஒரு புத்தகம் கொடுத்தாள். அந்த அம்மாள், "ஒரு வரியில நாலே வார்த்தை. மிச்சக் காகிதம் பூரா வீண்" என்று வருத்தப்பட்டு, வீணாகாமல் அந்த ஓரங்களில் கோயில் பெருக்கும் முறை எழுதிவைத்தாள்.

சியேனி படித்திருந்தாள். வேறு வழியில்லை, பாடத்தில் இருந்தது. தலைநகரில் கல்லூரி இரண்டாம் வருடம், 'நான்காம் நாள்' என்ற கவிதை. காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்ட அப்பா, பதினோரு மணி வகுப்பில் கடலில் மூழ்கிப்போனார்.

கவிதையில் படகோடு காணாமல் போகிற தம்பி இயோபுதான். பெயரும் அதேதான். ஒரு திங்கட்கிழமை சூரை மீனுக்குப் போய், எஞ்சின் நின்று, அடித்துக்கொண்டு போன கதையும் அதேதான். கடைசியில் மட்டும் வித்தியாசம்: கவிதையில் அவர் திரும்பி வரவில்லை.

*மூன்று நாள் கடலைக் கேட்டேன்.*
*நான்காம் நாள் பதில் வந்தது:*
*வாசலிலிருந்து எடுத்துவிடு*
*உன் தம்பியின் செருப்பை.*

வகுப்பில் பாதிப் பேர் அழுதார்கள். விரிவுரையாளர் மூக்கைச் சிந்திக்கொண்டு, பெருங்கடலின் துக்கம் என்று ஏதோ சொன்னார். "அவரு எங்க அப்பா சார், இப்ப கோழிக்குத் தேங்கா துருவிட்டிருப்பாரு" என்று சொல்ல சியேனிக்கு வாய் வரவில்லை. அப்பாவின் மரணம் குறித்து நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்ததும் கேட்டுவிட்டாள். அத்தை வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தாள். "உங்க அப்பாகிட்ட சொல்லிடாதேடி. நானே சொல்றேன்" என்றாள்.

அதன் பிறகு பன்னிரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் அத்தை வந்தாள். ஒவ்வொரு வருடமும் தம்பிக்கு ஒரு உயிர்காப்பு அங்கி கொண்டு வந்தாள். ஆரஞ்சு நிறம், மார்பில் விசில் தொங்கும். சியேனி பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பழக்கம் அது. இயோபு ஒன்றையும் போட்டதில்லை. வீட்டுக்கு அடியில் முப்பதுக்கு மேல் குவிந்து கிடந்தன. லோசாவின் கோழிகள் அதில்தான் முட்டையிடும்.

போன மார்ச்சில் அத்தை ஒரேயடியாக வந்துவிட்டாள். வயிற்றில் புற்று. ஆறு மாதம் இயோபு தினமும் மீன் சூப்பு வைத்து வாசல்படி வரை கொண்டுவந்து லோசாவிடம் கொடுப்பார். கடைசி நாள், செவ்வாய்க்கிழமை, அத்தை கட்டிலில் இருந்து கூப்பிட்டாள். "தம்பி."

வாசலில் நின்றபடி, "என்னக்கா?" என்றார் இயோபு.

கட்டிலோரம் சியேனி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தையின் உதடு இரண்டு தரம் அசைந்தது.

"சூப்புல உப்பு கம்மி."

"நாளைக்கு சரியாப் போடறேன்க்கா."

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டாள்.

இப்போது ஆக்லாந்திலிருந்து டாக்டர் பிரிஸில்லா வெப் வருகிறார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பசிபிக் இலக்கியத்துக்குப் பொறுப்பாளர். பெருங்கடல் எப்போது அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது என்று தெரியவில்லை. இரங்கல் உரை ஆற்றுவார், அந்தக் கவிதையை வாசிப்பார், சியேனி உடனுக்குடன் ஊர் மொழியில் சொல்லவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. இரண்டு ராத்திரி யோசித்து சியேனி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தம்பி வருகிற இடத்தையெல்லாம் தாண்டிவிடுவது. கடல், அலை, பாசம் என்று பொதுவாக ஏதாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவது. ஒரு மணி நேரம். அப்புறம் அத்தை மண்ணுக்குள் நிம்மதியாகப் போய்விடுவாள். அப்பாவும் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருப்பார். இல்லாவிட்டால் இந்த ஊர் விடாது. உயிரோடு இருக்கிற தம்பியைச் சாகடித்துப் பேர் வாங்கினவள் என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், அத்தையின் கல்லறை வெடித்துப் புல் முளைத்த பிறகும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வேன் ஒன்பதரைக்கு வந்தது. டாக்டர் வெப் உயரமான பெண்மணி. கழுத்தில் சிவப்புச் சாயம் பூசிய தாழம்பழ மாலை, சந்தையில் வாங்கியது. தலைவர்கள் போடுகிற மாதிரி. கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"உன் சிரமத்தைக் குறைத்துவிட்டோம்" என்றார் சியேனியிடம். "ஆராதனைக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டிருக்கிறோம். கவிதையும் அதைப் பற்றிய என் கட்டுரையும். இரண்டு மொழியிலும்."

"ரெண்டு மொழியா?"

"மொழிபெயர்க்க ஒரு குழுவே அமைத்தோம். இந்த மக்களுக்கு அவர்களுடைய கவிஞரைத் திருப்பிக் கொடுக்கவேண்டாமா?"

சியேனி பெட்டியைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். அதற்குள் லோசா வந்து, "பாவம், கனமா இருக்குமே" என்று வாங்கிக்கொண்டு, நேரே கோயிலுக்குப் போய் ஒரு வரிசை விடாமல் விநியோகித்துவிட்டாள். ஊரில் லோசாவைப்போல் சுறுசுறுப்பு யாருக்கும் கிடையாது.

ஆராதனையில் டாக்டர் வெப் எழுந்து நின்றார். "லித்தியாவின் கவிதை ஒரு காயம். அந்தக் காயத்தின் வாய் வழியே பெருங்கடல் பேசுகிறது."

"அத்தை நல்லா எழுதுவாங்கன்னு சொல்றாங்க" என்றாள் சியேனி.

"அவரது படைப்பு முழுவதும் ஓர் இன்மையைச் சுற்றியே கட்டப்பட்டது. கடல் பறித்துக்கொண்ட சகோதரனின் இன்மை."

"குடும்பத்து மேல ரொம்ப பாசம்னு சொல்றாங்க."

யாரும் அவளைக் கேட்கவில்லை. பக்கம் புரளும் சத்தம்தான் கேட்டது. முதலில் பாடகர் வரிசையில் ஒரு தலை நிமிர்ந்து, திரும்பி, முன்வரிசையில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு லாவாலாவா வேட்டியுமாக உட்கார்ந்திருந்த இயோபுவைப் பார்த்தது. பிறகு இன்னொரு தலை. பிறகு வரிசை வரிசையாக. போதகர் மேடையிலேயே புத்தகத்தைப் பிரித்து வாசித்து, கண்ணாடிக்கு மேலாக இயோபுவை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி வாசித்தார். இந்த ஊரில் யார் எப்போது செத்தார்கள் என்ற பேரேடு அவரிடம்தான் இருக்கிறது.

இயோபுவுக்குப் பின்னால் ஊர்ப் பேச்சாளர் தாபுசோவா. நாலு ஊர்க் கூட்டத்தில் கோலை ஊன்றி நின்று பேசிப் பழகிய தொண்டை. அவருக்கு ரகசியம் பேச வராது. "இயோபு" என்று அவர் குசுகுசுத்தது கடைசி வரிசை வரை கேட்டது. "நீ எப்பப்பா செத்தே?"

இயோபு கையிலிருந்த புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய கண்ணாடி வீட்டில் சிமெண்டு மூட்டை மேல் இருந்தது.

ஆராதனை முடிந்து பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இயோபு தூக்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் சீமைப்பலா மரத்தடியில் நின்று மகளைக் கூப்பிட்டார்.

"உங்கிட்ட கண்ணாடி இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சியேனி கைப்பையைத் திறந்து அத்தையின் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு கணம் தயங்கினார். அக்காளின் பொருளை அவர் இதுவரை தொட்டதில்லை. போட்டுக்கொண்டார்.

மெதுவாக, உதடு அசையப் படித்தார். பதினாறு வரிதான். படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எனக்கு அப்போ செருப்பே கிடையாது" என்றார்.

"அப்பா..."

"முப்பது வயசுலதான் மொதல்ல செருப்பு போட்டேன். அதையும் அவதான் வாங்கிட்டு வந்தா." விரல் பக்கத்தின் அடிக்குப் போனது. "இது என்ன, தேதியா?"

அடியில் சிறிய எழுத்தில் இருந்தது: வெலிங்டன், 14 ஜூலை 1984. அத்தை அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்தது வியாழக்கெழம" என்றார் இயோபு. "சரக்குக் கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்து துறைமுகத்துல எறக்கினான். பன்னெண்டாம் தேதி. நேரா தபால் ஆபீஸுக்குப் போயி அக்காவுக்கு போன் போட்டேன். ஆஸ்பத்திரிக்குக்கூட அப்புறம்தான் போனேன்."

சியேனி அவசரமாகச் சொன்னாள். "அப்பா, அப்பல்லாம் நியூசிலாந்துல தேதி நம்மளவிட ஒரு நாள் முன்னாடி. நமக்குப் பன்னெண்டுன்னா அங்க பதிமூணு."

"ஒரு நாள் அதுல போகட்டும். இன்னும் ஒரு நாள் மிச்சம் இருக்கேம்மா."

சியேனி விரலை மடக்கி எண்ணினாள். போன் வந்த மறுநாள்.

"போன்ல அவ ஒண்ணுமே பேசல. மூச்சு மட்டும் கேட்டுது. லைன் கட் ஆயிடுச்சோன்னு பாத்தேன். அப்பறம், 'சாப்டியா'ன்னு கேட்டா." புத்தகத்தை மூடினார். வீட்டுப் பக்கம் பார்த்தார். குழியைச் சுற்றி உட்காரப் பெஞ்சு போதவில்லை. லோசா வீட்டுக்கு அடியிலிருந்து உயிர்காப்பு அங்கிகளை இழுத்துப் போட்டு, கோழி இறகைத் தட்டி, பெண்களை அதன்மேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறத்தில் வரிசையாக.

"வருஷா வருஷம் அக்கா ஏன் இதையே கொண்டு வர்றான்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றார்.

"அத்தை சொல்லணும்னுதான் இருந்தாங்கப்பா. கடைசி வரைக்கும்..."

"உனக்குத் தெரியுமா?"

சியேனி தலையை ஆட்டினாள். அடி விழும் என்று பயந்த வயதெல்லாம் தாண்டியிருந்தாள். இருந்தும் தோள் சுருங்கியது.

இயோபு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். அத்தை துடைப்பதைப்போலவே வெகுநேரம்.

"சின்ன வயசுலயே அப்படித்தான்" என்றார். "முற்றத்தைப் பாதி பெருக்கிட்டு விடமாட்டா. நடுவுல மழை வந்துடும். எல்லாரும் உள்ள ஓடுவோம். அவ நனைஞ்சுக்கிட்டே மிச்சத்தையும் பெருக்கிட்டுத்தான் வருவா. மழையில எதுக்குடி பெருக்கறேன்னு எங்கம்மா கத்தும்." கண்ணாடியை மடித்து மகளிடம் கொடுத்தார். "எழுத ஆரம்பிச்சிட்டா இல்ல. நான்தான் நடுவுல வந்துட்டேன்."

தாபுசோவா கோலை ஊன்றிக்கொண்டு வந்துசேர்ந்தார். பின்னால் போதகர். அதற்கும் பின்னால், வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த மாதிரி, பாதி ஊர்.

"இயோபு, நான் அந்த வெள்ளைக்காரம்மாகிட்ட பேசப் போறேன். ஒரு உயிருள்ள மனுஷனைக் கடல்ல விட்டுட்டு, ஊரு தேடாம உக்காந்திருந்துதுன்னு உலகம் பூரா நெனச்சிட்டிருக்கு. சாலேமோவாவுக்கு மானம் வேணாமா?"

"அக்காவுக்கும் வேணும் அண்ணே."

"பொய்யி அச்சுல இருக்கு! உன் பேரோட!"

"அவ குழி இன்னும் மூடல. அதுவரைக்கும் அவளப் பத்தி நல்லது கெட்டது எது சொல்றதா இருந்தாலும் தம்பி நான்தான் சொல்லணும். அதான வழக்கம்?"

வழக்கம் என்று சொன்னால் தாபுசோவாவால் மறுக்க முடியாது. அவருடைய தொழிலே அது. "சரி. நீ என்ன சொல்றே?"

இயோபு கழுத்தைச் சொறிந்தார். "வேன் கெளம்பற வரைக்கும் நான் செத்தவனாவே இருந்துக்கறேன்."

போதகர் தொண்டையைச் செருமி, "கல்லறை எங்கேன்னு கேட்டா?" என்றார்.

"கடல்ல செத்தவனுக்கு ஏது போதகரய்யா கல்லறை?"

தாபுசோவா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாப்பது வருஷமா செத்துக் கெடக்கே. சாவு வீட்டு முறைன்னு எங்களுக்கு ஒரு பாய் வந்துச்சா? ஒரு பன்னி வந்துச்சா? ஒரு டின் மீன்? நல்ல சாவுப்பா உன் சாவு."

அரை மணி நேரத்தில், ஊரார் ஒப்புதலுடன், இயோபு இறந்துபோனார்.

குழிக்கரையில் எல்லாரும் கூடியபோது, டாக்டர் வெப் மண்வெட்டியோடு நின்றவரைக் கவனித்தார். வெள்ளைச் சட்டைக்காரர், முன்வரிசையில் பார்த்த ஞாபகம். "இவர்?" என்று சியேனியிடம் கேட்டார்.

சியேனி வாயைத் திறப்பதற்குள் இயோபு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே பதில் சொன்னார். "உறவுக்காரன். குழி என் வேலை."

பெட்டியை இறக்குவதற்கு முன் தாபுசோவா பேசினார். அவருக்கு இது வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கிற வாய்ப்பு. எதிரிலேயே நின்றுகொண்டு, ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாத பிணம்.

"இந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த குடும்பம்" என்று தொடங்கினார். "அவனையும் இன்னைக்கு நெனைக்கணும். நல்ல பையன். கோயிலுக்கு லேட்டா வருவான், வந்ததும் தூங்கிடுவான். பாட்டுக்கு வாயைத் தெறந்தான்னா பக்கத்து ஊர் நாயெல்லாம் வந்து நிக்கும். மீன் பிடிக்கறேன்னு போவான். அவன் மீனைப் பிடிச்சு நான் பாத்ததில்ல. கடல்தான் அவனைப் பிடிச்சிது."

ஆரஞ்சு அங்கிகள் குலுங்கின. பெண்கள் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்கள். டாக்டர் வெப் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"தம்பியைப் பத்தி" என்றாள் சியேனி.

தாபுசோவா அடுத்த கிண்டலுக்கு மூச்சு இழுத்தார். அப்போது அவர் பார்வை குழிக்குள் போனது. நாலு மூலையும் கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது. பாறையை உளியால் செதுக்கிச் செதுக்கி, யாரும் பார்க்கப்போகாத அடிப்பக்கம்கூட மட்டமாக்கியிருந்தது. கோலைக் கை மாற்றிக்கொண்டார்.

"அவன் மட்டும் இருந்திருந்தா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அவன் இருந்திருந்தா, இந்த ஆறு மாசம் அக்காளுக்கு அவனே சூப்பு வெச்சிருப்பான். விடியறதுக்கு முன்னால போயி புது மீன் கொண்டாந்திருப்பான். இந்தக் குழியைக்கூட வேற யார் கையிலயும் விட்டிருக்கமாட்டான். அப்படி ஒரு தம்பி..."

நாலு ஊரில் தாபுசோவா பாதியில் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. இப்போது அங்கிகள் குலுங்கியது வேறு விதமாக இருந்தது. லோசா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

இயோபு மண்வெட்டிப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றின் தலைமாட்டு முனையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து கிளம்புகிற நேரத்தில் டாக்டர் வெப் கேட்டார், அந்த இடத்தைப் பார்க்கலாமா என்று. "எந்த இடம்?" என்றாள் சியேனி. "அந்தத் தம்பியைக் கடல் எடுத்துக்கொண்ட இடம். விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

சியேனி அப்பாவைப் பார்த்தாள். அவர் முன்னால் நடந்தார்.

கரையில் நின்று, பவளத் திட்டில் இடைவெளி விழுந்து தண்ணீர் கறுப்பாகத் தெரிகிற இடத்தைக் கைகாட்டினார். டாக்டர் வெப் காலணியைக் கழற்றிவிட்டு, கறுப்பு உடையோடு முழங்கால் ஆழம் இறங்கி, கவிதையைச் சத்தமாகச் சொன்னார். புத்தகம் பார்க்காமல், ஒரு சொல் பிசகாமல். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தக் கவிதை அவருக்கு உள்ளே இருந்து வந்தது. இயோபு தலை குனிந்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு, தனக்காக நின்றார்.

கழுத்திலிருந்த தாழம்பழ மாலையைக் கழற்றி டாக்டர் வெப் கடலில் எறிந்தார். திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவருக்கு அந்தத் தம்பியைத் தெரியுமா?" என்று கேட்டார்.

சியேனி அப்பாவிடம் கேட்டாள்.

இயோபு யோசித்தார். "கொஞ்சம்" என்றார்.

"எப்படிப்பட்டவர்?"

"செருப்பு போடமாட்டான்."

சியேனி அதை மொழிபெயர்த்தாள். டாக்டர் வெப் நிமிர்ந்தார். நாற்பது வருட ஆராய்ச்சிக்குப் பிறகு வாசலில் கிடந்த செருப்பின் அர்த்தம் விளங்கிவிட்டவரைப்போல இயோபுவின் கையைப் பிடித்து அழுத்தினார். அது என்ன அர்த்தமோ. அடுத்த கட்டுரையில் வரும்.

வேனில் ஒரு மெல்லிய பாயும், இரண்டு பெட்டி டின் மீனும், ஓலைக்கூடையில் பன்றித் தொடையும் ஏற்றினார்கள். வேன் தேவாலய வளைவில் திரும்பி மறைகிற வரை ஊரே நின்று கையசைத்தது. மறைந்ததும் தாபுசோவா, "ம், எந்திரிச்சுடு" என்று இயோபுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கல்லறைக்குச் சிமெண்டு குழைக்க மணல் போதவில்லை. இயோபு இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்குப் போனார். சியேனியும் பின்னாலேயே போனாள். கடல் ஏற்றம் தொடங்கியிருந்தது. மாலை வெளியே போகவில்லை. திட்டைத் தாண்டத் தெரியாமல் சுற்றிவிட்டு, ஈர மணலில் வந்து கிடந்தது.

இயோபு இரண்டு வாளியையும் நிரப்பினார். பிறகு மாலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எடுத்து, மணலைத் தண்ணீரில் அலசினார். கை இரண்டும் வாளிக்கு வேண்டியிருந்தது, கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, சாயம் ஒட்டுதுப்பா."

அவர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வெறுங்கால். வெள்ளைச் சட்டையின் முதுகில் சிவப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.